படியெடுத்த கைகள்

திருக்கடையூரில் நாள்தோறும் யாருக்காவது அறுபது வயது நிறைகிறது. எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று வருகிறவர்களும் உண்டு. எமனைக் காலால் உதைத்த காலசம்ஹாரமூர்த்தி இருக்கும் ஊர் என்பதால் ஆயுளை வேண்டி வருகிறார்கள். வருகிற கூட்டத்துக்காக விடுதிகளும் மண்டபங்களும் பெருகிவிட்டன. அவற்றின் வரவேற்பறைகளில் அபிராமி அம்மன் தஞ்சாவூர்ப் படமாக, கண்ணாடிக்குள் பொன்தாள் மின்ன வீற்றிருப்பாள். இப்போதெல்லாம் எதிர்ச்சுவரில் வேறொரு படமும் தொங்குவதுண்டு: நீல வானத்தில் வெள்ளைப் பூ பூத்த கிளைகள். வின்சென்ட் வான் கோவின் பாதாம் பூ. பெரும்பாலும் அச்சுப்படம், அரிதாக, கையால் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த நகல். சீனாவில் ஷென்சென் நகரைச் சேர்ந்த டாஃபென் என்ற ஊர் இத்தகைய கைநகல்களை வரைந்து உலகெங்கும் விற்றே பேர் வாங்கியது.

வான் கோ அந்தப் படத்தை 1890 பிப்ரவரியில் வரைந்தார். தம்பி தியோவுக்கு ஜனவரி 31 அன்று ஆண் குழந்தை பிறந்து, அதற்குப் பெரியப்பாவின் பெயரையே வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கென்று தீட்டிய படம், தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடக்கிற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பொருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்த வழி நீளமானது. கிளை எந்த மரத்தினுடையது, மரம் எந்த மண்ணில் நிற்கிறது என்று எதையும் காட்டாமல், வானத்தை மட்டும் பின்னால் விரித்து, படத்தின் ஓரத்தில் கிளையைச் சட்டென்று வெட்டிவிடுகிற அந்தப் பார்வை ஐரோப்பிய ஓவியப் பள்ளிகள் சொல்லிக்கொடுத்ததன்று. அதை அவர் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களிலிருந்து கற்றார். கற்ற முறைதான் முக்கியம்: பார்த்துப் பார்த்து வரைந்து.

பாரிசில் இருந்தபோது அண்ணனும் தம்பியுமாக அந்த அச்சுப்படங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார்கள். விலை மலிவு. 1887இல் அவற்றில் மூன்றைப் பெரிதாக்கி எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார் வான் கோ. இரண்டு, ஹிரோஷிகே 1857இல் எடோ நகரக் காட்சிகளாக வெளியிட்டவை: கமெய்தோவின் பிளம் தோட்டம் ஒன்று, பாலத்தின் மேல் திடீரென்று கொட்டும் மழை மற்றொன்று. மெல்லிய தாளை மேலே வைத்துக் கோட்டைப் பிரதி எடுத்தார். கட்டம் போட்டுக் கித்தானுக்கு மாற்றினார். ஆனால் வண்ணத்தை மட்டும் தன் மனம்போல் முறுக்கேற்றிக்கொண்டார். சுற்றிலும் ஒரு கரை போட்டு, அதில் வேறு படங்களில் கண்ட ஜப்பானிய எழுத்துகளைப் பொருள் தெரியாமல் வரிசையாக வரைந்துவைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை பலகையில் கோலெழுத்துப் போடுவதைப் போல. அந்த மூன்று நகல்களையும் பார்த்தவர்களுக்குத்தான் மூன்றாண்டு கழித்து வந்த பாதாம் பூ எங்கிருந்து வந்தது என்று விளங்கும். பாதாம் பூவுக்கு எந்த ஜப்பானியப் படமும் நேர்மூலமில்லை. கை ஏற்கெனவே கற்றுவிட்டது.

ஜப்பான் கொடுத்தது, ஐரோப்பா வாங்கியது என்று கதையை இங்கே முடித்துவிடுவது வழக்கம். நம் கரையில் நின்று பார்த்தால் கதை இன்னும் நூறு, இருநூறு ஆண்டு முன்பே தொடங்குகிறது.

திருக்கடையூரிலிருந்து தெற்கே தரங்கம்பாடி, காரைக்கால் கடந்து போனால் நாகப்பட்டினம். 1658இல் டச்சுக்காரர்கள் அதைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தார்கள். 1690இல் பழவேற்காட்டை விட்டுச் சோழமண்டலக் கரைக்கான தலைமையகத்தையே அங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை அவர்கள் ஆட்சி நடந்தது. இந்தக் கரையில் அவர்கள் வாங்கிய முதன்மைச் சரக்கு துணி. ஜப்பானில் அப்போது நுழைய அனுமதி பெற்ற ஒரே ஐரோப்பியர் டச்சுக்காரர்களே. 1641 முதல் நாகசாகி துறைமுகத்தின் தெஜிமா என்ற சின்னத் தீவில் அடைத்துவைக்கப்பட்டு வணிகம் செய்தார்கள். சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய பூத்துணிகள் அந்த வாசல் வழியாக ஜப்பானுக்குள் போயின. அங்கே அவற்றுக்கு சரசா என்று பெயர். முழுத்துணி வாங்க எல்லோராலும் முடியவில்லை. தேநீர்ச் சடங்கில் ஈடுபட்ட செல்வர்கள் துண்டு துண்டாக வாங்கி, கிண்ணத்துக்கும் தேயிலைச் சிமிழுக்கும் உறையாகத் தைத்துக்கொண்டார்கள். ஹிகோனே என்ற ஊரை ஆண்ட இயி குடும்பம் சேர்த்துவைத்த ஏறக்குறைய 450 துண்டுகள் இன்றும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

விலை கூடிய பொருள் வந்தால் உள்ளூரில் படியெடுக்கும் கை கிளம்பும். ஜப்பானியர் சரசாவைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். 1778இல் அதற்கென்று ஒரு வழிகாட்டி நூலே அச்சாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் இரண்டு. பூவும் கொடியும் பார்த்து வரைந்துவிடலாம். சாயம்தான் பிடிபடவில்லை. நம்மவர்கள் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறப்போட்டு, கறுப்புக் கோட்டுக்கு வெல்லத் தண்ணீரில் இரும்புத் துண்டுகளைப் புளிக்கவைத்து எடுத்த கரைசலைப் பூசி, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத்தைத் தடவி, பிறகு சாயவேர்க் கொதிநீரில் போட்டார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். மற்ற இடம் துவைத்து வெயிலில் உலர்த்த உலர்த்த வெளுத்துவிடும். கடலோரத்து மணற்பாங்கில் விளைந்த அந்த வேர் ஜப்பானியருக்குக் கிடைக்கவில்லை. சோயாச் சாற்றில் வண்ணப்பொடியைக் குழைத்து, தாளில் வெட்டிய அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பல வண்ணத்தில் தட்டியெடுத்தார்கள். பிறந்தது சோழமண்டலத் துணியின் நகல் என்று தொடங்கி, முழுக்க ஜப்பானியதாகவே ஆகிவிட்ட வேறொரு துணி.

கும்பகோணத்துப் பக்கம் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் துணியில் எழுதும் அந்த மரபின் கடைசிக் குடும்பங்கள் சில இன்றும் உண்டு. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாங்கள் வரையும் தோரணத்துக்கு ஜப்பான்வரை நீளும் சொந்தம் உண்டு என்று அவர்களிடம் சொன்னால் நம்புவார்களோ என்னவோ.

அடுத்த கட்டம் கல்கத்தாவில் நடந்தது. 1902இல் ஒகாகுரா காகுசோ என்ற கலை அறிஞர் இந்தியா வந்தார். தாகூர் குடும்பத்தோடு நெருங்கினார். மறு ஆண்டு அவருடைய மாணவர்களான யொகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் வந்தார்கள். கோட்டை விட்டுவிட்டு வண்ணத்தை மூடுபனிபோல் பரவவிட்டதற்காக இருவரும் சொந்த நாட்டில் ஏளனப்பட்டுக்கொண்டிருந்த சமயம் அது. தைக்கான் வரையும்போது தட்டைத் தூரிகையால் தாளை அடிக்கடி ஈரப்படுத்துவதை அவனீந்திரநாத் தாகூர் பக்கத்திலிருந்து கவனித்தார். தாம் ஒரு படி மேலே போய், வரைந்து காய்ந்த படத்தை முழுதாகவே தண்ணீரில் முக்கியெடுத்து, மறுபடி வண்ணமிட்டு, மறுபடி முக்கினார். 1905இல் அவர் வரைந்த பாரத மாதா இந்த முறையில் உருவானதே. நம் தேசியத்தின் முகமென்று கொண்டாடப்பட்ட படத்தின் மேல் படர்ந்திருக்கும் அந்த மங்கல், ஜப்பானிய ஈரத்தில் பாதி. அவனீந்திரரின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராக வந்து 1957வரை இருந்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலையால் மட்டும் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். கல்கத்தாவின் நீர்வண்ண முறையைத் தமிழ்நாட்டு மாணவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே.

இவ்வளவு தூரம் நடந்தது எல்லாம் கற்பதற்காக எடுத்த படிகள். காப்பதற்காக எடுத்த படிகளின் வரலாறு இதைவிடத் துயரமானது. நமக்கு வேண்டிய பாடமும் அதில்தான் இருக்கிறது.

அஜந்தா. தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர் கேட்டவுடன் ஆயனர் நினைவுக்கு வருவார். கல்கி 1944இல் எழுதத் தொடங்கிய சிவகாமியின் சபதத்தில் அஜந்தாவின் அழியா வர்ண ரகசியத்துக்காக அந்தச் சிற்பி மகளின் வாழ்க்கையையே பணயம் வைப்பார். உண்மையான அஜந்தா வர்ணமோ அழிந்துகொண்டுதான் இருந்தது. படியெடுக்கப் போனவர்களுக்கு அது தெரியும். முதலில் போனவர் சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்த ராபர்ட் கில். 1844இல் நியமனம் பெற்று, ஏறக்குறைய இருபது ஆண்டு அந்தக் காட்டில் கிடந்து, பெரிய பெரிய கித்தான்களில் வரைந்து லண்டனுக்கு அனுப்பினார். அவை கிரிஸ்டல் பேலஸில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. 1866 டிசம்பரில் அங்கே தீப்பிடித்தது. நான்கைந்து தவிர எல்லாம் போயின. பிறகு பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885வரை தம் மாணவர்களைக் கொண்டு மறுபடி வரைவித்தார். 1885இல் தெற்கு கென்சிங்டனில் நேர்ந்த தீயில் அவற்றிலும் பல அழிந்தன. 1909 தொடங்கி கிறிஸ்டியானா ஹெர்ரிங்காம் என்ற ஆங்கிலப் பெண்மணி ஒரு குழுவோடு வந்து படியெடுத்தார். அவருக்குத் துணை நின்ற இளைஞர்களில் நந்தலால் போஸ், அசித்குமார் ஹால்தார், மைசூர் வெங்கடப்பா முதலியோர் உண்டு. சுவரின் கோட்டைத் தாளுக்கு மாற்றிய அந்த மாதங்களை விட்டுவிட்டு நந்தலாலின் கோட்டை யாரும் விளக்க முடியாது.

1920களின் தொடக்கத்தில் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து இரண்டு வல்லுநர்களை வரவழைத்துச் சுவரைப் பழுதுபார்த்தது. அவர்கள் பூசிய அரக்குக் கரைசல் நாளடைவில் பழுத்துக் கறுத்து, படத்தின் மேல் திரைபோல் இறங்கியது. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனாலும் அதற்கு முந்தைய படிகளின் மதிப்பு கூடிவிட்டது.

இந்த வரிசையில் மறக்கக் கூடாத பெயர் அராய் கம்போ. 1916இல் ஜப்பான் போன ரவீந்திரநாத் தாகூர், யொகோஹாமாவில் ஹரா தொமிதாரோ என்ற பட்டு வணிகரின் வீட்டில் தங்கினார். ஷிமோமுரா கன்சான் அதற்கு முந்தைய ஆண்டு வரைந்த ஓர் இரட்டை மடிப்புத்திரை ஓவியம், பிளம் பூத்த மரத்தடியில் கண்ணிழந்த இளைஞன் ஒருவன் மறையும் சூரியனைக் கைகூப்பித் தொழும் காட்சி, தாகூரைப் பிடித்துக்கொண்டது. அதன் நகலை வரையும் பொறுப்பு கம்போவிடம் வந்தது. கம்போ வரைந்தார், தாகூர் அதை வாங்கிவந்ததோடு நிற்காமல் கம்போவையே இந்தியாவுக்கு அழைத்தார். ஜோராசங்கோவில் தாகூர் இல்லத்து விசித்ரா கூடத்தில் கம்போ சொல்லிக்கொடுத்தார், நந்தலாலோடு நட்பானார். பிறகு கலை வரலாற்றாசிரியர் சவாமுரா சென்தாரோவோடு அஜந்தாவுக்குப் போய், குகைச் சுவர்களைப் படியெடுத்துத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனார். 1923 செப்டம்பர் 1, காந்தோ நிலநடுக்கம். பல்கலைக்கழகத்தில் வைத்திருந்த அஜந்தாப் படிகள் எரிந்தன.

லண்டனில் இரண்டு முறை, தோக்கியோவில் ஒரு முறை. மூலம் குகையில் ஈரத்தோடும் வௌவாலோடும் மல்லாடிக்கொண்டு இருக்க, பத்திரமாக இருக்கும் என்று அனுப்பிய நகல்கள் நெருப்புக்குப் போயின.

கம்போவை 1940இல் மீண்டும் ஒரு சுவரின் முன் பார்க்கிறோம். நாராவுக்கு அருகே ஹோரியூஜி. அந்தக் கோயிலின் பொன்மண்டபத்தில் ஏழாம் நூற்றாண்டின் கடைசியையோ எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த பன்னிரண்டு சுவர் ஓவியங்கள் இருந்தன. அவற்றின் போதிசத்துவர்களை அஜந்தா முதல் குகையின் தாமரை ஏந்திய போதிசத்துவரோடு ஒப்பிடாத அறிஞர் இல்லை. இரண்டு சுவரையும் முகத்துக்கு நேரே பார்த்து வரைந்த கை என்று கம்போவினுடையதைச் சொல்லலாம். நான்கு ஓவியர்களின் தலைமையில் நான்கு குழுக்கள் பிரிந்து அமர்ந்தன. இருட்டறையில் அப்போது புதிதான குழல்விளக்கு வைத்து வேலை செய்தார்கள். 1935இலேயே கியோத்தோவின் பென்ரிதோ அச்சகத்தார் ஒவ்வொரு சுவரையும் அதன் முழு அளவில் ஒளிப்படமெடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தைத் தாளில் வெளிறலாக அச்சிட்டு, அதன் மேல் வண்ணமேற்றும் வழியைச் சிலர் கைக்கொண்டார்கள். போர் வந்தது. ஓவியர்கள் படைக்குப் போனார்கள், பொருள் கிடைக்கவில்லை. 1945 ஏப்ரலில், பணி முடியாமலே கம்போ இறந்தார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

1949 ஜனவரி 26 விடியற்காலையில் பொன்மண்டபம் எரிந்தது. ஓவியர்கள் குளிருக்குப் போட்டுக்கொண்ட மின்மெத்தை அணைக்கப்படாமல் கிடந்ததே காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது, முடிவாக நிறுவப்படவில்லை. சுவர் ஓவியங்களின் வண்ணமெல்லாம் போய்க் கருகல் கோடுகள் மட்டும் எஞ்சின. காப்பதற்காகச் செய்த படியே மூலத்தைக் கொன்றதோ என்ற ஐயத்தை அந்த நாடு இன்றுவரை சுமக்கிறது. அதை மூடி மறைக்கவில்லை என்பதுதான் நான் மதிப்பது. மறு ஆண்டே பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கச் சட்டம் வந்தது. 1955 முதல் ஜனவரி 26 அங்கே பண்பாட்டுச் சொத்துகளின் தீத்தடுப்பு நாள்; நாடெங்கும் கோயில்களில் தண்ணீர் பீய்ச்சிப் பயிற்சி நடக்கும். நாம் குடியரசு நாள் கொண்டாடும் அதே நாள். 1967இல் யசுதா யுகிஹிகோ, மயெதா செய்சோன் போன்ற மூத்தவர்களின் தலைமையில் ஓவியர்கள் மறுபடி கூடி, 1935 ஒளிப்படங்களையும் முந்தைய படிகளையும் ஆதாரமாக வைத்துப் பன்னிரண்டு சுவர்களையும் தாளில் வரைந்தார்கள். 1968இல் அவை பொன்மண்டபத்தில் ஏறின. இன்று அங்கே பக்தர்கள் காண்பது அந்தக் கைநகல்களையே. கருகிய சுவர்களைக் கலைத்து எறியவில்லை. இறுக்கிப் பத்திரப்படுத்தி வேறு கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் படியெடுத்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜப்பானியர் இரண்டு வகைப் படிகளைத் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஒன்று, சுவர் இன்று எப்படி இருக்கிறதோ அப்படி: விரிசல், உதிர்ந்த சுண்ணம், புகைக்கறை, ஆணி அடித்த ஓட்டை உட்பட. மற்றொன்று, அது பிறந்த நாளில் எப்படி இருந்திருக்கும் என்று ஆய்ந்து வரைவது. இரண்டையும் ஒருபோதும் கலப்பதில்லை. எது எது என்று படத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஹோரியூஜியில் 1940இல் தொடங்கியது முதல் வகை. அழகாக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, விரிசலுக்கும் போதிசத்துவரின் புருவத்துக்கும் ஒரே கவனத்தைக் கொடுப்பது எளிய காரியமில்லை. ஓவியன் தன்னை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பின்னால் எல்லாம் எரிந்தபோது கைகொடுத்தது அந்த ஒதுக்கமே.

நம் நாட்டில் இந்த இரண்டும் தலைகீழாகிவிட்டன. புதுப்பிக்கும் ஆசை நமக்கும் உண்டு, நியாயமான ஆசைதான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம், கோயில் பொலிவாக இருக்க வேண்டும், சாமி இருக்கிற இடம் பாழடையக் கூடாது. இதில் குற்றம் காண எதுவுமில்லை. ஆனால் புதுப்பித்தலை நாம் நகலில் செய்யாமல் மூலத்தின் மேலேயே செய்கிறோம். மணலை வீசி அடித்துக் கல்லைச் சுரண்டுகிறோம். நாயக்கர் காலச் சுவரில் எனாமல் பெயின்ட். கூரை ஓவியத்தின் நடுவே மின்விசிறிக் கொக்கி. செய்கிறவர்கள் பக்திமான்கள், உபயதாரர்கள் நல்லவர்கள். கெட்ட எண்ணம் எவரிடமும் இல்லாமலே டெல்டாவின் ஓவியங்கள் எத்தனையோ மறைந்துவிட்டன.

இதே மண்ணுக்கு வேறொரு துறையில் படியெடுப்பதன் அருமை நன்றாகத் தெரிந்திருந்தது. ஓலைச்சுவடி சில நூற்றாண்டுக்கு மேல் தாங்காது. இங்குள்ள காற்றின் ஈரத்தில் அதற்கு முன்பே செல்லும் பூச்சியும் முடித்துவிடும். பெயர்த்தெழுத ஆளில்லாத நூல் செத்தது. திருவாவடுதுறை மடத்திலும் சரசுவதி மகாலிலும் ஏடெழுதுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். உ.வே.சாமிநாதையர் தேடிக் கண்டுபிடித்தவை எல்லாம் யாரோ பெயர் தெரியாத ஒருவர் பார்த்து எழுதிய படிகள். சங்கப் புலவர் கைப்பட எழுதிய ஓலை ஒன்றைக்கூட எவரும் கண்டதில்லை. அதனால் சங்க இலக்கியத்தை நகல் என்று யாரும் குறைத்துப் பேசுவதுமில்லை. எழுத்துக்கு இந்த நியாயத்தைக் கொடுத்த நாம் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் ஏன் கொடுக்கவில்லை? பதில் எனக்கு ஓரளவு தெரிகிறது. ஏடு எழுதியவர் படித்தவர். சுவரில் எழுதியவர் கூலிக்கு வந்தவர். திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதையை விதானம் முழுக்கத் தீட்டிய ஓவியர் சிங்காதனம் தன் பெயரை எழுதிவைத்ததால் தப்பினார். அப்படித் தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அந்தத் திருவாரூர் மண்டபத்துக்கு நல்ல காலமும் வந்தது. ஒழுகிய கூரையாலும் புகையாலும் வெள்ளையடிப்பாலும் கெட்டிருந்த ஓவியங்களை, 2000களின் பிற்பகுதியில் இன்டாக் அமைப்பும் பிரகிருதி அறக்கட்டளையும் சேர்ந்து துப்புரவாக்கின. வி.கே. ராஜாமணி எடுத்த ஒளிப்படங்களும் டேவிட் ஷுல்மனின் விளக்கமுமாக 2011இல் ஒரு நூலும் வந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அதன் ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதையில் நுழைந்து, நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சுண்ணத்தை ஆராய்ந்து, ஈரம் காயுமுன் வண்ணமிடும் முறையில் வரையப்பட்டது என்று நிறுவினார். ஈரச் சுண்ணத்தில் தூரிகை ஒருமுறைதான் போகலாம், திருத்தம் கிடையாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்த இருட்டில், பந்தத்தின் வெளிச்சத்திலோ அகல்விளக்கிலோ சாரத்தில் நின்று, சேரமான் பெருமாளின் குதிரையையும் சுந்தரரின் யானையையும் அப்படி ஒரே போக்கில் இழுத்திருக்கிறார்கள். பின்னர் தொல்லியல் துறையினர் மேலிருந்த நாயக்கர் படலத்தைப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றினார்கள். கீழே இருந்ததும் போகவில்லை, மேலே இருந்ததும் போகவில்லை. எளிதில் பார்க்க முடியாத திறமை அது. அத்துறையின் பி.எஸ். ஸ்ரீராமன் கோட்டோவியங்களோடு 2011இல் வெளியிட்ட நூலும் பெரும்பணி.

ஆனால் அந்தப் பாதைக்குள் பொதுமக்கள் போக முடியாது. போகவும் கூடாது, ஆயிரம் பேரின் மூச்சு ஈரமே சுண்ணத்துக்குப் பகை. வெளியே விளக்கக் கூடத்தில் ஒளிப்படங்கள் இருக்கின்றன. போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒளிப்படம் இல்லாமல் 1967இல் ஹோரியூஜியில் எதுவும் நடந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒளிப்படம் சுவரின் ஒரு நொடியைப் பிடிக்கிறது. விளக்கு எங்கே இருந்ததோ அதன்படி. படியெடுக்கிறவர் ஒரு சுவரின் முன் மாதக்கணக்கில் உட்காருகிறார். எந்தக் கோடு முதலில் விழுந்தது, எந்த வண்ணம் எதன் மேல் ஏறியது, எது கறை, எது நிழல் என்று ஒவ்வோர் அங்குலத்திலும் முடிவெடுக்காமல் அவரால் நகர முடியாது. அந்த முடிவுகளே அறிவு. அது படத்தில் தங்குவதோடு ஆளிலும் தங்குகிறது. அஜந்தாவிலிருந்து நந்தலால் கொண்டுபோனதை எந்தப் படச்சுருளும் கொண்டுபோயிருக்க முடியாது.

கைக்குப் பஞ்சம் இல்லை. தஞ்சாவூரில் பலகைப் படம் செய்கிறவர்கள் பலகையில் துணி ஒட்டுவதிலிருந்து சுண்ணப்பசை ஏற்றிப் பொன்தாள் பதிப்பதுவரை அறிந்தவர்கள். 2007-08 வாக்கில் அந்தப் படத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சந்தை கேட்பது வெண்ணெய்க் கிருஷ்ணனையும் பெருமாள் தாயாரையுமே. அவர்களும் அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். திரும்பச் செய்கிறார்கள் என்று அவர்களை இளக்காரமாகப் பேசுகிற நகரத்து விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மூலத்தைப் பார்த்துச் செய்வது வேறு, போன வாரம் செய்ததைப் பார்த்து இந்த வாரம் செய்வது வேறு. சோழச் சுவரின் முன் அவர்களில் ஒருவரை யாராவது உட்காரவைத்தால் அந்த வேறுபாடு அவர்கள் கையிலேயே தெரிந்துவிடும். கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சுண்ணத்தைக் குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். செய்யச் சொல்கிறவர்தான் இல்லை.

இனித் திருப்பணி தொடங்கும் ஒவ்வொரு கோயிலிலும், சாரம் கட்டுவதற்கு முன் சுவரிலும் விதானத்திலும் ஓவியம் உண்டா என்று பார்த்து, இருந்தால் இருக்கிறபடியே முழு அளவில் கையால் படியெடுத்த பிறகே அடுத்த வேலை என்று அறநிலையத் துறை ஒரு விதி வைக்கலாம். செலவு, ஒரு ராஜகோபுரத்துக்கு வண்ணமடிப்பதில் சிறு பங்குகூட ஆகாது. உபயதாரருக்குப் பெயர் வேண்டுமென்றால் படியின் அடியில் போட்டுக்கொள்ளட்டும்; ஓவியர் பெயரும் கூடவே, அதே அளவு எழுத்தில். பொலிவான புது ஓவியம் வேண்டும் என்று ஊரார் கேட்டால், பழைய சுவரைத் தொடாமல் வேறு சுவரில் வரையட்டும். படியெடுக்கும் இடத்தில் சூடேறும் மின்கருவி எதுவும் கூடாது. ஒவ்வொன்றிலும் இரண்டு படி எடுத்து, ஒன்றைத் தஞ்சாவூரிலும் மற்றொன்றைக் குறைந்தது இருநூறு கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஊரிலும் வைக்க வேண்டும்.